டாக்டர் கேட்பதையெல்லாம் எழுதியவர்

1987-இல் டாக்டர் ஜெயக்கொடிக்கு நாற்பத்தொரு வயது. எழுமலையிலிருந்து படிக்க வந்தவர், விளாங்குடியில் வீடு கட்டிக்கொண்டு, ஆரப்பாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். நோயாளியைப் பார்க்கும்போது அவர் வாய் சும்மா இருக்காது. "பாண்டி, இந்தம்மாவுக்கு சல்ஃபா மாத்திரை ஒத்துக்கிருமா? சுகர் எம்புட்டு?" என்று கேட்டுக்கொண்டேதான் மருந்து எழுதுவார். நர்ஸ் பாண்டியம்மாள் பழைய சீட்டுகளைப் புரட்டிப் பதில் சொல்வார்.

அந்த ஆடியில் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே அதற்குப் புரோகிராம் எழுதும் கண்ணுச்சாமி என்பவரும் வந்தார். மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டாக்டர் கேட்பதையெல்லாம் எழுதினார்.

"பெட்டியில எதெதக் காட்டணும்னு தெரிஞ்சுக்கத்தான் மேடம்."

ஜெயக்கொடி நம்பவில்லை.

"முதலாளி அனுப்புன ஆளு பாண்டி. எனக்கு என்னென்ன தெரியலைன்னு எழுதிக் குடுத்து, என் சீட்டக் கிழிக்கப் போறாரு."

"அப்பக் கேக்காம இருங்க டாக்டரம்மா. பேனா காயட்டும்."

ஜெயக்கொடி அப்படியே வாயைக் கட்டிக்கொண்டார். வியாழக்கிழமை ஒச்சாயி என்ற பெண் நீர்க்கடுப்போடு வந்தார். திரையில் பெயர், ஊர், வயது, கட்டிய பணம் மட்டும் இருந்தன. ஜெயக்கொடி ஒன்றும் கேட்காமல் சல்ஃபா எழுதினார். டாக்டர் கேட்காததால், எல்லாம் திரையில் பார்த்துவிட்டார் என்று எண்ணி, பாண்டியம்மாள் பழைய சீட்டைத் தொடவில்லை. மாத்திரையும் தண்ணீரும் ஒச்சாயி கைக்குப் போயின.

"தாயி, போன தைக்கு இதத் தின்னுதான வாயெல்லாம் வெந்துபோச்சு? இப்ப வேகாதுல்ல?"

ஜெயக்கொடி மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டார். வேறு மருந்து கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, மூலைப் பக்கம் திரும்பினார்.

"இதையும் எழுதிட்டீங்களா தம்பி?"

"என்னத்த எழுத மேடம்? நாலு நாளா நீங்க ஒண்ணுமே கேக்கலையே."

"எழுதுறது முதலாளிகிட்டப் போகுமா? நெசத்தச் சொல்லுங்க."

"கேட்டா குடுக்கத்தான் வேணும்."

சந்தேகம் இன்னும் கூடியது. ஆனாலும் ஒச்சாயி வாய்வரை கொண்டுபோன மாத்திரை கண்ணைவிட்டுப் போகவில்லை.

"எழுதிக்கங்க. இந்த ஆளுக்கு எந்த மருந்து ஆகாது? அத நான் கேக்காமயே அந்தப் பெட்டி காட்டணும். என் பேரு மட்டும் எங்கயும் வரக்கூடாது."

ஆவணிக் கடைசியில், திரையில் வயதுக்குக் கீழே ஆகாத மருந்துக்கென ஒரு வரி வந்தது. ஜெயக்கொடி அதைப் படித்தார். படித்துவிட்டுப் பாண்டியம்மாளிடமும் கேட்டார்.