கடல் படத்தில் இருந்த இரண்டு பேர்

நீலத்துக்கு ஒரு கசப்பு உண்டு. பச்சை லேசாகத் துவர்க்கும், மஞ்சளுக்கு ருசியே கிடையாது. பிரஷ்ஷின் முனை கூராக நிற்க வேண்டும் என்பதற்காக அதை உதட்டில் வைத்து உறிஞ்சிப் பழகியவர்களுக்கு இது தெரியும். எழுபதுகளின் தொடக்கத்தில், விருத்தாசலம் ஜங்ஷனை ஒட்டிய ஒரு தெருவில் நாங்கள் குடியிருந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. பாதி நாள் என் நாக்கு நீலமாகத்தான் இருக்கும். "வெசத்தத் தின்னுட்டு வந்து நிக்கிறா பாரு" என்று அம்மா சொல்லிக்கொண்டே என்னை முற்றத்துக்குத் துரத்துவாள்.

அப்பாவுக்கு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா வேலை. சரக்கு வண்டிகளில் சொருகும் "லேபிள்" அட்டைகளில் பழையவற்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒரு பக்கம் ஊர்ப் பெயரும் எண்களும், மறு பக்கம் வெறுமை. தபால் கார்டைவிடக் கொஞ்சம் பெரிதான அந்த அட்டைகளில்தான் நான் படம் வரைந்தேன். அதற்குள் அடங்குகிற அளவுக்குத்தான் எனக்கு உலகம் வேண்டியிருந்தது. பாலத்தின் மேல் நின்று பார்த்த மணிமுத்தாற்றை, தண்ணீர் ஓடிய நாளிலும் ஓடாத நாளிலுமாக எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போனபோது சின்னசேலத்தில் வண்டியின் ஜன்னல் வழியாகப் பார்த்த கல்வராயன் மலையை, வீடு திரும்பும்வரை கண்ணிலேயே வைத்திருந்து வரைந்தேன். ஆறு ஆயிற்று, மலை ஆயிற்று, கடலை மட்டும் நான் பார்த்ததில்லை.

எனக்குப் பிரஷ் கொடுத்தது பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்கா. இருபத்திரண்டு வயது. பீங்கான் செய்யும் ஒரு பட்டறையில், கப்பு, சாசர்களுக்கு வர்ணம் தீட்டும் பிரிவில் வேலை. சின்னச் சக்கரத்தில் கப்பை வைத்துச் சுற்றிவிட்டு, பிரஷ்ஷை அசையாமல் பிடித்தால் விளிம்பில் நீலக் கோடு தானாக விழும். அப்படி நாளெல்லாம் கோடு போட்டுப் போட்டுத் தேய்ந்த பிரஷ்களை அவள் பாவாடை மடியில் வைத்து எனக்குக் கொண்டுவருவாள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து ரோஜாப்பூ வரையும் மல்லிகா அவளுடைய உயிர்த்தோழி. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வேலைக்குப் போவார்கள், ஒன்றாகத்தான் வருவார்கள். அக்காவுக்கு அப்பா இல்லை. அண்ணன் அந்தோணி "மைக் செட்டு" கடை வைத்திருந்தார். அக்காவும் அவள் அம்மாவும் அவர் சொல்லை மீறிப் பேசி நான் கேட்டதில்லை.

"ஒன்ன ஒருநா கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று அக்கா என்னிடம் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும், நிஜமாகவே கூட்டிப்போனாள். அவள் தன் அம்மாவிடம், "பாப்பா கடலு பாக்கணும்னு அழுவுது, போயிட்டு வரேன்" என்று சொன்னபோது, நான் எப்போது அழுதேன் என்று யோசித்தேன். கடலூர் வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். நெய்வேலியில் ஓர் ஆள் ஏறி எங்களுக்கு எதிரே உட்கார்ந்து சிரித்தபோது எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் சேகர், அக்காவின் பட்டறையில் மண் கலக்கும் இடத்தில் வேலை செய்பவர். சொந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. நாங்கள் கும்பிடும் சாமியைக் கும்பிடுகிறவர். அக்கா வேதக்காரர் வீட்டுப் பெண்.

தேவனாம்பட்டினத்தில் நான் கடலை முதன்முதலாகப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அட்டைக்குள் இது அடங்காதே என்ற பயம்தான் வந்தது. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் நிழலில் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த தண்ணீரில் வர்ணத்தைக் கரைத்தேன். வெள்ளைப் புள்ளி போட்ட ஊதாப் புடவை, அவருடைய நீட்டிய கால்கள், அவர்களுக்குப் பின்னால் கடல். அந்த இரண்டு பேரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் கடல் என் அட்டைக்குள் அடங்கியது. அதுவரை நான் வரைந்ததில் அதுவே நல்ல படம் என்று அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா படத்தைப் பார்த்ததும் முதலில் சிரித்தாள். பிறகு திரும்பி வரும் வண்டியில், சேகர் இறங்கிப் போன பிறகு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ரெண்டு பேரையும் அழிச்சிடு கண்ணு. ஒனக்கும் மல்லிகாவுக்கும் மட்டுந்தான் இது தெரியும்" என்றாள். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து பிரஷ்ஷையும் எடுத்தேன். மணல் நிறத்தை அவர்கள் மேல் பூச எனக்கு மனசு வரவில்லை. அவர்கள்மேல் இருந்த பிரியத்தால் அல்ல, படத்தின்மேல் இருந்த பிரியத்தால்.

அடுத்த மாதம் பள்ளிக்கூட ஆண்டு விழா. நம் பக்கத்து ஆறு, மலை, கடல் மூன்றையும் வரைந்துகொண்டு வருபவர்களுக்குப் பரிசு உண்டு என்று டிராயிங் டீச்சர் சொல்லியிருந்தார். என்னிடம் மூன்றும் இருந்தன. விழா அன்று காலையில் ஓவியங்களைச் சுவரில் ஒட்டிவிட்டு நான் மட்டும் அறையில் நின்றபோது, தோளில் ஒயர் சுருளோடு அந்தோணி அண்ணன் உள்ளே வந்தார். விழாவுக்கு அவருடைய மைக் செட்டுத்தான். ஜன்னலில் ஒயரைக் கட்டிவிட்டு, என் படங்கள் முன்னால் நின்றார்.

"எல்லாம் நீ வரைஞ்சதா பாப்பா? ஆறு நல்லா இருக்குது." கடல் படத்துக்கு வந்தார். "இதுல ஒக்காந்திருக்கறது யாரு?"

"யாரோண்ணே. தெரியாதவங்க" என்றேன்.

"அதான் யாரு மாதிரியும் இல்ல. தண்ணி ஒனக்கு நல்லா வருது. ஆளு வரைய இன்னும் வரல."

அவர் திரும்பிவிட்டார். அதோடு போயிருக்கும். வாசல்வரை போனவரை நான்தான் கூப்பிட்டேன். "நல்லாப் பாருங்கண்ணே. பொடவையப் பாத்தாத் தெரியல? நம்ம அக்காதான்."

அவர் வந்து, படத்துக்கு வெகு அருகில் குனிந்து பார்த்தார்.

"பக்கத்துல?"

"சேகர் அண்ணன்."

"ம். நல்லாத்தான் வரைஞ்சிருக்க" என்று சொல்லிவிட்டு ஒயரை எடுத்துக்கொண்டு போனார்.

சின்னப் பிள்ளை, விவரம் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று எத்தனையோ வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். முதல் பெயரை ரோஷத்தில் சொன்னேன். இரண்டாவது பெயரைச் சொல்லும்போது அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், என் படம் சரியாக இருக்கிறது என்று ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. அன்று சாயங்காலம் முதல் பரிசுக்கு என் பெயரை அவருடைய மைக்கில்தான் கூப்பிட்டார்கள். மேடையேறி ஒரு வர்ணப் பெட்டியை வாங்கிக்கொண்டேன். மேடையின் ஓரத்தில் மைக் செட்டுப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்த அந்தோணி அண்ணன், எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார்.

திங்கட்கிழமை அக்கா வேலைக்குப் போகவில்லை. கூப்பிட வந்த மல்லிகாவை, வாசலைத் தாண்ட விடாமல், "கூடவே இருந்து கெடுத்தவ நீ. இனிமே இந்த வூட்டுப் பக்கம் வராத" என்று அக்காவின் அம்மா திருப்பி அனுப்பியதை நான் எங்கள் ஜன்னலில் இருந்து பார்த்தேன். சேகரை யாரோ நாலு பேர் பட்டறை வாசலில் மறித்தார்கள் என்றும், அவர் கணக்கு முடித்துக்கொண்டு சேலத்தில் தன் கூடப்பிறந்தவள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றும் தெருவில் பேசிக்கொண்டார்கள். தனக்கு யார் சொன்னது என்பதை மட்டும் அந்தோணி அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்ற நினைத்தாரோ, அது அவருக்கு முக்கியமாகவே படவில்லையோ, எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் இருந்து படங்கள் திரும்பி வந்த அன்றே, பரிசாகக் கிடைத்த வர்ணத்தைக் குழைத்து, அந்த இரண்டு பேரையும் மணலால் மூடினேன். ஊதா நிறம் இரண்டு பூச்சுக்கும் தெரிந்தது. மூன்றாவது பூச்சில் மறைந்தது.

ஒரு வாரம் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். அவள் அம்மா சமையலறையில் இருந்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்காவின் இடது கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே பழுப்பாகக் கிடந்தது. மெல்லிய குரலில், "அந்தப் படத்துல எங்கள அழிச்சிட்டியா?" என்று கேட்டாள். நான் ஓடிப்போய்ப் படத்தைக் கொண்டுவந்து காட்டினேன். விரலால் மணலைத் தடவிப் பார்த்தாள்.

"சின்னப் புள்ள நீ, சொன்ன சொல்லக் காப்பாத்திட்ட. அந்த மல்லிகா காப்பாத்தல பாரு. அவ தவிர வேற யாருக்கும் தெரியாது."

வாயைத் திறந்திருந்தால் ஒரு வாக்கியம் போதும். நீலம் படிந்த என் நாக்கு அசையவே இல்லை.

"இத எனக்குக் குடுத்துடுறியா?" என்றாள். தலையாட்டினேன். அவள் அதைத் தன் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். மூன்று மாதத்தில் திருச்சிப் பக்கம், மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தப் பெட்டியும் கூடப் போயிற்று. கல்யாணத்துக்கு மல்லிகாவை அழைக்கவில்லை. நாங்கள் குடும்பத்தோடு போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அதன் பிறகு நான் படம் வரைந்ததில்லை. அதை ஒரு தண்டனை போல யாரிடமும் சொல்லிக்கொண்டதும் இல்லை. வரையப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அப்பாவுக்கு மாற்றலாகி ஊரைவிட்டு வந்தோம். நான் படித்து, வேலைக்குப் போய், சென்னையில் குடியேறினேன். நாற்பது வயதில் திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அக்காவைப் பார்த்தேன். இரண்டு மகன்கள், நரைத்த தலை. என் கன்னத்தைத் தடவி எல்லாரையும் விசாரித்துவிட்டு, "ஊருப் பக்கம் போனா அந்த மல்லிகாகிட்ட மட்டும் பேசாத" என்றாள். அன்றும் நான் சொல்லவில்லை. சில வருஷங்களில் அவள் இறந்துபோனாள். அதையும் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

போன வருஷம் விருத்தாசலத்துக்குப் போனேன். அக்காவின் பட்டறை இருந்த இடத்தில் கூரையில்லாத சுவர்களும் முள்செடிகளும் நிற்கின்றன. கையால் கோடு போட்ட கப்புகளை இப்போது யாரும் செய்வதில்லை என்றார்கள். நான் வரைந்த ஆறு பாலத்துக்குக் கீழே பாதி மணல், பாதி கருவேலம். விசாரித்து விசாரித்து, மகள் வீட்டில் இருக்கும் மல்லிகா அக்காவைக் கண்டுபிடித்தேன். எழுபதைத் தாண்டிவிட்டார், கண் சரியாகத் தெரியவில்லை. யார் என்று சொன்னதும், "கூட்ஸ் ஷெட்டு குமாஸ்தா பொண்ணா?" என்று பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்திப் போட்டார். நான் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் ஒரு பஸ் போய், அந்தச் சத்தம் அடங்கிய பிறகுதான் கேட்டார்.

"கடைசி வரைக்கும் நான்தான்னு நெனச்சிக்கிட்டாளா?"

"ஆமாங்க" என்றேன்.

முந்தானையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். உள்ளே இருந்து மகள், வந்தவங்களுக்கு டீ போடட்டுமா என்று கேட்டாள்.

"வேணாம்மா" என்றார் மல்லிகா அக்கா. "அவங்க கெளம்புறாங்க."