அப்பா தொட மறுத்த கயிறு

ஊரில் எல்லோரும் அதைக் கரிக்குழி என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அங்கே எடுத்தது பென்சிலுக்குள் வைக்கிற காரீயம். மாத்தளைப் பக்கம் பல்லேபொலையிலிருந்து உள்ளே போகும் பாதையில் ஒரு மேடு. அதன் மறுபக்கம் குழி. மேட்டுக்குக் கீழே வரிசையாக எட்டு வீடுகள். அதில் ஒன்று எங்களுடையது.

சனிக்கிழமை மத்தியானத்தோடு வேலை முடியும். குழியிலிருந்து வருகிற ஆண்கள் எல்லோரும் ஒரே நிறமாக இருப்பார்கள், சாம்பலில் வெள்ளி கலந்த மாதிரி. எங்கள் அப்பா எவர் என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். அவர்கள் ஓடையில் குளித்தால் தண்ணீரே மினுங்கிக்கொண்டு ஓடும். வீட்டுக் கதவில் அப்பாவின் கைபட்ட இடம் மட்டும் பளபளத்துக் கிடக்கும். "கைய கழுவிட்டுத் தொட்டா என்ன?" என்று அம்மா ஏசுவார். அந்த ஏச்சுகூட இப்போது நினைக்க இனிக்கிறது.

அப்பாவுக்குக் குழிக்கு மேலே வேலை. இன்னொருவரோடு சேர்ந்து ராட்டினம் சுற்றி, கயிற்றில் தொங்கும் பெரிய வாளியில் ஆட்களை இறக்கி ஏற்றுவார். பக்கத்து வீட்டு மாமா கீழே வெட்டுகிறவர். இருவரும் இரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, ஒன்றாக இங்கே வேலைக்கு வந்தவர்கள். வாளியில் ஏறும்போதெல்லாம் மாமா சத்தம் போடுவார்:

"மச்சான், மெதுவா விடு. நா என்ன தேங்கா மூட்டையா?"

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு மழைக்காலத்தில், அடுத்திருந்த பழைய குழியில் தேங்கிய தண்ணீர் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. அப்பா நான்கு பேரை மேலே இழுத்தார். ஐந்தாம் முறை வாளியில் தண்ணீர் மட்டும்தான் வந்தது. மூன்று பேர் கீழேயே போய்விட்டார்கள். மாமாவும் அதில் ஒருவர்.

குழியை மூடினார்கள். சில குடும்பங்கள் தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி மூட்டை தூக்கப் போய்விட்டன. அப்பா பக்கத்துக் காணிகளில் கூலி வேலைக்குப் போனார். ஆனால் எட்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றின் கயிற்றை மட்டும் அவர் தொடவில்லை. முதலில் ஒருநாள் வாளியை இறக்கியவர், கயிறு கனத்ததும் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அம்மாதான் இறைத்தார்.

அப்படியே மூன்று மாதம் போயிருக்கும். அம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். மாமாவின் மனைவி, நாங்கள் அத்தை என்று கூப்பிடுகிறவர், குடத்தோடு வந்து கிணற்றடியில் நின்றார்.

"அண்ணே, ஒரு கொடம் தண்ணி எறச்சித் தாங்க."

திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா நிலத்தைப் பார்த்தார். "என் கையால வேணாம் தங்கச்சி."

"ஏன் வேணாம்?"

"அவன என்னால மேல எடுக்க முடியலையே."

அத்தை குடத்தைக் கீழே வைத்தார். "மேல வந்த நாலு பேரும் எங்கிட்ட வந்து சொன்னாங்கண்ணே. அவருதான் அவங்கள ஒவ்வொருத்தரா வாளியில ஏத்தி விட்டாராம். 'மேல மச்சான் நிக்கிறான், பயப்படாதீங்க'ன்னாராம். அவரு ஒங்கள நம்புனாரு. நீங்க இழுத்தீங்க. எறச்சித் தாங்க."

அப்பா எழுந்துபோய்க் கயிற்றைப் பிடித்தார். வாளி கிணற்றுச் சுவரில் இடித்துப் பாதித் தண்ணீர் சிந்தியது. அழுதுகொண்டே இழுத்தார். அத்தையும் அழுதார். குடம் நிறைந்தது.

குடத்தைத் தூக்க உதவியாக நான் கூடப் போனேன். அத்தையின் குசினியில் எல்லாப் பானைகளும் விளிம்புவரை நிரம்பியிருந்தன. நான் பார்ப்பதைக் கண்டு, "அப்பாட்ட சொல்லாத" என்றார். அப்பா சாகும்வரை நான் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அத்தையும் தம்புள்ளைக்குப் போனார். அவர் மகன் இப்போது அங்கே மரக்கறி வியாபாரி. போன மாதம் பல்லேபொலையில் த்ரீவீலர் பிடித்து அந்த இடத்தைப் பார்க்கப் போனேன். குழிவாயில் கொங்கிரீட் மூடி. அதைச் சுற்றி மிளகுக்கொடிகள். அங்கேயே நின்று அத்தைக்குப் போன் பண்ணினேன். நான் எங்கே நிற்கிறேன் என்று சொன்னதும் அத்தை கேட்டார்:

"எங்க வீடு இருக்கா?"

"சுவரு மட்டும் இருக்கு அத்த."

"சரி, வெயில்ல நிக்காத. சாப்பிட்டியா? நேரா பஸ் ஏறி இங்க வா. சோறு ஆக்கி வைக்கிறேன்."

போனேன். பொழுது சாயும்வரை அத்தை, அந்த இரண்டு மச்சான்களும் அடித்த கூத்துகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.