ஆள் வந்தால் இறங்கும் சத்தம்

பேய்க்கதை சொல்கிறவர்களைக் கிண்டல் பண்ணியே பழகியவன் நான், அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபம் வராது. மலேசியாவில் யோங் பெங் ஊரில் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மைக் செட் போடுகிறவன். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள்ளேயே திரும்பிப் போனால் கீ என்று கத்தும், கூட்டமே என்னைத் திரும்பி முறைக்கும். இருபது வருடம் அந்தச் சனியனை அடக்கியே அலுத்துப்போய், அதை வைத்தே ஒரு வாத்தியம் செய்தால் என்ன என்று தோன்றியது.

வீட்டு ஹாலின் ஒரு மூலையில் மைக், எதிர்மூலையில் ஸ்பீக்கர், இரண்டையும் இணைக்க நான் செய்த பெட்டி. கத்தாமல் மெல்ல முனகும் அளவுக்கு வைத்திருந்தேன். யாராவது குறுக்கே வந்தால் சுருதி இறங்கும், இரண்டு பேர் வந்தால் இன்னும் இறங்கும், கையை ஆட்டினால் பாடும். வாசிக்க எதையும் தொட வேண்டியதில்லை.

மகள் பிறந்து இருபதாம் நாள், மதியம் மூன்று மணி இருக்கும். மனைவி மாலா குழந்தையோடு அறையில் படுத்திருந்தாள். நான் பெட்டிக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்து சுருதியைக் குறித்துக்கொண்டிருந்தேன். சத்தம் இறங்கியது. காற்றாக இருக்கும் என்று மின்விசிறியை நிறுத்தி, வாசல் கதவையும் சாத்திவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஓர் ஆள் மெதுவாக நடந்து கிட்டே வந்தால் எப்படி இறங்குமோ அப்படியே, அடி அடியாக. பெட்டியை ஆஃப் பண்ணக் கை போனது, ஆனால் பண்ணவில்லை. ஆஃப் பண்ணினால் அது எங்கே நிற்கிறது என்று எப்படித் தெரியும்?

பிறகு சத்தம் ஏறியது, ஹால் காலியாக இருக்கும்போது வருகிற அதே சுருதிக்கு. போய்விட்டது என்று மூச்சு விட்டேன். வாசல் கதவு சாத்தியிருக்கிறதே, எந்தப் பக்கம் போயிருக்கும் என்று அப்புறம்தான் யோசித்தேன். அறைக்கு ஓடினேன்.

மாலா கண்ணைத் திறக்காமலே சலித்துக்கொண்டாள். "இப்பதானே வந்து பாப்பா தலைய தடவிட்டுப் போனீங்க. மறுபடி எதுக்கு வந்து எழுப்புறீங்க? கொஞ்சம் தூங்க விடுங்கலா."

"சரி, தூங்கு," என்றேன். குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாயங்காலம் வரை கீழே விடவில்லை.

மகளுக்கு இப்போது மூன்று வயது, நல்லபடியாகத்தான் இருக்கிறாள். பெட்டியை அன்றைக்கே துணி சுற்றி அலமாரியில் போட்டுவிட்டேன். போன மாதம் மனசு கேட்காமல் எடுத்து மாட்டி, அவளை மட்டும் நடுவில் நிற்க வைத்துப் பார்த்தேன். இரண்டு பேர் நிற்கிற சத்தம் வந்தது. மாலாவிடம் இன்னும் சொல்லவில்லை.