துவக்குக் கண்ணாடி

கத்தரிப்பூ நிறம். நல்ல கண்ணாடியைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தால் அதன் முகத்தில் அந்த நிறம் ஒரு சொட்டு மினுங்கி மறையும். பஸ்ஸில் எனக்கு எதிரே இருப்பவரின் மூக்குக்கண்ணாடியில் அது மினுங்கினாலும் எழும்பிப் போய் வேறு இடத்தில் இருப்பேன். இந்த வயதிலும் அப்படித்தான்.

அதை நான் முதலில் பார்த்தது வவுனியாவுக்குக் கிட்ட, எங்கள் ஊர்ச் சந்தியில். அங்கே ஆமிக்காரர் இருந்து காவல் பார்க்கிற ஒரு "சென்றி" இருந்தது. மண்மூட்டை அடுக்கி, நடுவில் ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள். பள்ளிக்கூடம் போக அதைத் தாண்டித்தான் போகவேண்டும். சில நாளில் அந்த ஓட்டைக்குள் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பொட்டு மினுங்கும். மினுங்கினால் துவக்கு எங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பொருள். அம்மா எனக்குச் சொல்லித் தந்தது ஒன்றுதான். "மினுங்கினால் ஓடாதை, கத்தாதை. அப்பிடியே குனிஞ்சு, கையைத் தலையில வைச்சுக்கொண்டு இரு." சைக்கிளில் பேக்கரிப் பாண் விற்கிற அண்ணை ஒருவர் ஓடினவர். அவருடைய சைக்கிள் இரண்டு நாள் றோட்டில் கிடந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் ஓடவில்லை.

எனக்கு எட்டு வயது. எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து அவர்களுக்கு எங்களைச் சரியாகத் தெரியாது, ஆர் பிள்ளை ஆர் பெரியவர் என்று விளங்காது, விளங்கினால் சுடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் அந்தச் சந்தியைத் தாண்டுவேன்.

ஒன்பது வயதில் கனடாவுக்கு, மொன்றியலுக்கு வந்தோம். சென்ட் லோரன்டில் மூன்றாம் மாடியில் வீடு, அப்பாவுக்குப் பெட்டி அடுக்குகிற தொழிற்சாலையில் வேலை. அப்பா கதைக்கிற ஆள் இல்லை. அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் ஜில் என்கிற வெள்ளைக்காரர், பிரெஞ்சு மட்டும்தான் கதைப்பார், நிறுத்தாமல் கதைப்பார். அவர் ஒவ்வொரு நொவெம்பரும் வடக்கே மான் சுடப் போகிறவர். அப்பாவும் ஊரில் கலியாணத்துக்கு முன்பு "இடியன்" கொண்டு காட்டுக்குப் போனவர். மருந்து இடித்து நிரப்பிச் சுடுகிற துவக்கு அது. அதைக் கையால் காட்டிக் காட்டித்தான் இரண்டு பேரும் சிநேகிதர் ஆனார்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயதான வருசம் ஜில் தன் பழைய துவக்கை அப்பாவுக்கு மலிவாகக் கொடுத்தார். ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தபடி, பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்த என்னிடம் சொன்னார், "உங்கடை அப்பா எட்டு மணித்தியாலம் வாயே திறக்கமாட்டார். காட்டுக்கு இவர்தான் சரியான ஆள்." நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மா குசினிக்குள் இருந்து, "வீட்டுக்கும் சேத்துத்தான் திறக்கிறேல்லை எண்டு சொல்லு" என்றா. அதை நான் பிரெஞ்சில் சொல்லவில்லை.

அம்மாவுக்குத் துவக்கு பிடிக்கவில்லை. "துவக்கு இல்லாத இடமெண்டுதானே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்" என்று ஒரு நாள் சொன்னா. அப்பா, "இது இறைச்சிக்கு" என்றார். அத்தோடு கதை முடிந்தது. லைசென்ஸ் எடுக்க இரண்டு நாள் வகுப்பு. ஆங்கிலத்தில் நடந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் ஓரளவு விளங்கும், தனியாகவே போய் வந்தார். துவக்கைப் பூட்டி வைத்த அறையை அம்மா கூட்டுவதை விட்டுவிட்டா. நான்தான் கூட்டினேன். பூட்டைப் பார்க்காமல் கூட்டுவேன்.

பிறகுதான் கண்ணாடிப் பிரச்சினை வந்தது. நாற்பத்தைந்து வயதில் அப்பாவுக்குத் தூரப் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. வெறுங்கண்ணால் குறி பார்க்க முடியாது, துவக்குக்கு மேலே "தெலெஸ்கோப்" பூட்டவேண்டும் என்று ஜில் சொன்னார். அப்பாவிடம் அதற்கென்று நூற்றைம்பது டொலர் இருந்தது. கடைக்காரரோடு கதைக்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

கடைக்குள் தோலும் எண்ணெயும் மணத்தன. சுவர் முழுக்க மான் தலைகள். கடைக்காரர் வயதானவர், பொறுமையான மனிதர். எங்களிடம் உள்ள காசைச் சொன்னதும் மூன்று கண்ணாடிகளை மேசையில் வைத்தார். ஒன்று பெரிசு, புதுசு. கிட்டவாக்கித் தூரவாக்கித் திருப்பலாம், அதன் பெட்டியில் பெரிய பெரிய இலக்கங்கள். இரண்டாவது அதைவிடச் சின்னது. மூன்றாவது ஆரோ பாவித்து விற்றது, கறுப்பு மை உரிந்தது, நாலு மடங்கு மட்டும்தான் கிட்டக் காட்டும். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே விலை. அப்பா பெரிசைத்தான் முதலில் எடுத்தார். ஒரே காசுக்குப் பெரிசு கிடைத்தால் ஆர்தான் சின்னதை எடுப்பார்கள்?

கடைக்காரர் சிரித்துக்கொண்டு எங்களை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பொழுது சாய்கிற நேரம். கடை வெளிச்சத்தில் எல்லாக் கண்ணாடியும் நல்லாய்த்தான் தெரியும், மான் வருவது இந்த நேரத்தில், இப்போது பாருங்கள் என்றார். அப்பா பெரிசால் தெருவுக்கு அங்கால் பார்த்தார். தலையை ஆட்டினார். எனக்குத் தந்தார். சாம்பல் கரைத்த தண்ணிக்குள்ளால் பார்ப்பது போல இருந்தது. பிறகு பழைய சின்னதால் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். அதையும் எனக்குத் தந்தார்.

தெருவுக்கு அங்கால் பஸ் தரிப்பில் ஒரு பெண்பிள்ளை நின்றது. என் வயதுதான் இருக்கும். அது கொய்யாப்பழம் போல ஒன்றைக் கடித்துக்கொண்டு நின்றது தெரிந்தது. மேல்சட்டையில் ஒரு பொத்தான் இல்லாதது தெரிந்தது. காதுக்குப் பின்னால் மயிரைத் தள்ளிவிட்டது. கண்ணாடியின் குறுக்குக் கோடு அதன் நெஞ்சில் நின்றது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சந்தியில் மினுங்கியதும் இப்படி ஒரு கண்ணாடிதான். அங்கே இருந்தவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என் தலைமயிரில் கட்டியிருந்த ரிப்பன் தெரிந்திருக்கிறது. பாண்காரர் பாண் விற்கத்தான் வந்தார் என்று தெரிந்திருக்கிறது. தெரியாமல் ஒன்றும் நடக்கவில்லை.

கண்ணாடியை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, சிரிப்பை நிறுத்திவிட்டு என்னிடம் மெதுவாக ஒன்று சொன்னார். இதால் ஆரையும், எதையும் தேடிப் பார்க்கக் கூடாது, இது இருக்கிற இடத்தில் துவக்கும் இருக்கும், தேடிப் பார்க்க வேறு இருக்கிறது, மான்தான் என்று நிச்சயமான பிறகு மட்டும் இதைத் தூக்கவேண்டும், இதை அப்பாவுக்குக் கட்டாயம் சொல்லு என்றார். வாசலோரத் தட்டில் இருந்த பைனாக்குலர் ஒன்றைத் தொட்டும் காட்டினார்.

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு அந்தக் கடைக்குள் இன்னும் ஒரு நிமிசம் நிற்க முடியாது.

"வேறை சாமானும் விக்கப் பாக்கிறார் அப்பா. போவம்" என்றேன்.

அப்பா சின்னதுக்குக் காசு கட்டினார். மிச்சம் பன்னிரண்டு டொலர்.

நொவெம்பரில் வடக்கே போனோம். ஜில்லின் மைத்துனருடைய காடு, இரண்டு மணித்தியால ஓட்டம். நிலத்தில் மெல்லிய பனி. ஆளை மானென்று சுடாமல் இருக்கக் காட்டில் போடுகிற தன் பழைய செம்மஞ்சள் மேலங்கியை ஜில் எனக்குப் போட்டுவிட்டார், அது முழங்காலுக்குக் கீழே தொங்கியது. "இதைக் கழட்டக் கூடாது. வழி தவறினால், ஆரையும் கண்டால், நிமிந்து நிண்டு கத்து" என்றார். இதை நான் ஒரு சொல் விடாமல் அப்பாவுக்குச் சொன்னேன். பிறகு ஜில் மேட்டுக்கு அங்கால் போய்விட்டார். அப்பாவும் நானும் விழுந்து கிடந்த ஒரு மரத்தோடு சாய்ந்து இருந்தோம்.

இரண்டு மணித்தியாலம் இருந்திருப்போம். எனக்கு ஒன்றுக்கு வந்தது. சொன்னேன். அப்பா வலப்பக்கம் நின்ற பெரிய மரத்தைக் காட்டிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். மரத்துக்குப் பின்னால் போய் அந்தப் பெரிய அங்கியைக் கழற்றிக் கொப்பில் தொங்கவிட்டேன். அப்பாவுக்குக் கேட்கும் என்று வெட்கம். அங்கியை அப்படியே விட்டுவிட்டு இன்னும் கீழே, பள்ளத்துக்குள் இறங்கினேன். உள்ளே நான் போட்டிருந்தது மண்ணிற ஜக்கெற். கையில் துடைக்கிற வெள்ளைக் கடதாசி. மான் ஓடும்போது வால் வெள்ளையாகத் தெரியும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஏறி வந்தது வேறு பக்கத்தால். எல்லா மரமும் ஒரே மாதிரி. கால் வைத்த இடத்தில் தடியொன்று முறிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மரங்களுக்கு நடுவில், ஒரு அறுபது அடி எட்டி வைத்தால் போகிற தூரத்தில், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பொட்டு மினுங்கியது.

நிமிர்ந்து நின்று கத்தியிருக்கவேண்டும். என் வாயாலேயே பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு மாற்றிச் சொன்ன வசனம் அது. ஆனால் என் உடம்புக்கு அம்மா சொன்னதுதான் தெரிந்திருந்தது. குனிந்தேன். பனியில் முழங்கால் ஊன்றிக் கையைத் தலையில் வைத்தேன். கடதாசி கையிலேயே இருந்தது. குனிந்தால்தான் நான் இன்னும் மான் மாதிரி இருப்பேன் என்று நினைக்க எனக்குப் புத்தி வரவில்லை.

காட்டில் ஒரு சத்தமும் இல்லை. சுடுவதற்கு முன்பு துவக்கின் பூட்டைத் திறக்கிற "டிக்" எனக்குக் கேட்டது.

அப்பாவைக் கூப்பிட நினைத்தேன், கூப்பிடவில்லை. அவருக்கு என் பொத்தான்கூடத் தெரியும் என்று நினைத்தேன். அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. தெரிந்துகொண்டே சுடலாம் என்று நான் அந்தக் கடை வாசலிலேயே அறிந்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு பனியில் காலடிச் சத்தம். அப்பா துவக்கு இல்லாமல் வந்தார். என்னைத் தொடவில்லை. மரத்தடிக்குப் போய் அங்கியை எடுத்துக்கொண்டு வந்து எனக்குப் போட்டு, மேலிருந்து கீழே ஒவ்வொரு பொத்தானாக அமத்தினார். கடைசி இரண்டையும் அவருடைய விரல்களால் அமத்த முடியவில்லை. நானே அமத்தினேன்.

ஜில்லிடம் அப்பா தன் பிரெஞ்சில் "மலாட்" என்று ஒரு சொல் மட்டும் சொன்னார், சுகமில்லை என்று. ஜில் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். வழி முழுக்க அந்த மனிதர் வாயே திறக்கவில்லை. வீட்டில் அம்மா, "என்ன, வெறுங்கையோ? நல்லகாலம், நான் உங்களை நம்பாமல் கோழி வாங்கி வைச்சனான்" என்றா. அப்பா கோழி சாப்பிட்டார். அடுத்த கிழமை துவக்கை ஜில்லிடம் திருப்பிக் கொடுத்தார். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கடைக்காரர் சொன்னதை நான் சொல்லியிருந்தால் அப்பா அன்று அதை என் பக்கம் தூக்கியிருக்கமாட்டார் என்று எனக்குள் வைத்துக்கொண்டு, படிப்பை விட்டு, வேலைக்குப் போய், கலியாணம் முடித்து, பிள்ளையும் பெற்றேன்.

அம்மா போனபிறகு அப்பா போன மாதம் பியர்பொன்ட்ஸில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அவருடைய சூட்கேசை அடுக்கும்போது கம்பளிக் காலுறைக்குள் பாரமாக ஒன்று தட்டுப்பட்டது. மை உரிந்த அந்தச் சின்னக் கண்ணாடி. துவக்கைத் திருப்பிக் கொடுத்தவர் இதைக் கழற்றி வைத்திருக்கிறார். அப்பா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன். கடைக்காரர் சொன்னது, நான் மறைத்தது, எல்லாம். ஐந்து வசனம்தான்.

அப்பா என் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். "கடைக்காரன் சொல்லித்தானோ எனக்குத் தெரியவேணும்? வகுப்பில முதல் நாளே சொன்னவங்கள். தெரிஞ்சுகொண்டுதான் தூக்கினனான்."

பிறகு, "பூட்டையும் திறந்திட்டன்" என்றார்.

நான் காலுறையை மடித்தேன்.

"வெள்ளையாய்த் தெரிஞ்சுது. பேந்து கை தெரிஞ்சுது. மான் தலையில கை வைக்காது, பிள்ளை. மற்றப் பெரிசை வாங்கியிருந்தால் கை தெரிஞ்சிராது." கண்ணாடியை என்னிடமிருந்து வாங்கி, பழையபடி காலுறைக்குள் விட்டார்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி விற்கிறார்கள். ஜில் எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. மைத்துனரின் காட்டில் வீடுகள் வந்துவிட்டன என்று கேள்வி. எங்கள் ஊர்ச் சந்தியில் மண்மூட்டை இல்லை, றோட்டை அகலமாக்கித் தார்க் காப்பெற் போட்டிருக்கிறார்களாம். அம்மாவும் இல்லை.

போன வியாழக்கிழமை கடைச் சாமான் பைகளோடு காரை விட்டு இறங்கினேன். மேல்மாடி யன்னலில் கத்தரிப்பூ நிறம் ஒரு சொட்டு மினுங்கியது. என் மகள், தாத்தாவின் சூட்கேசில் எடுத்த கண்ணாடியால் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அவள் கீழே இறங்கி ஓடி வந்தபோது நான் கார்ச் சில்லுக்குப் பக்கத்தில் குனிந்து, கை இரண்டையும் தலையில் வைத்துக்கொண்டு இருந்தேன். தோடம்பழங்கள் பனியில் உருண்டு கிடந்தன.

"அம்மா, என்ன துலைச்சனீங்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"திறப்பு" என்றேன். திறப்பு, காரின் சாவி, காரில்தான் இருந்தது. அவள் நம்பி, முழங்காலில் இருந்து என்னோடு சேர்ந்து தேடத் தொடங்கினாள்.