பஸ் முந்திய ஸ்போர்ட்ஸ் கார்: நெய்வேலி வரை ஒரு கியர் தகராறு

முதலில் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். முத்தாண்டிக்குப்பத்தில் என் ஸ்போர்ட்ஸ் காரை ஒரு விருத்தாசலம் பஸ் முந்திப்போனது. கூரையில் பலாப்பழம் ஏற்றிய பஸ். ஜன்னலோரத்தில் என் மனைவி ஸ்டெல்லா. நான் காரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பார்த்தாள், கையசைக்கவில்லை.

2014 மே மாதம், ஒரு சனிக்கிழமை. ஸ்டெல்லாவின் தம்பி ஆரோக்கியம் நெய்வேலி சுரங்கத்தில் நிலக்கரியைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட் பிரிவில் பெர்மனென்ட். அவன் மகளுக்கு மறுநாள் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் விழா. புதுச்சேரியிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில், தனித்தனியாகக் கிளம்பினோம். கணவன் மனைவி சண்டை என்று நினைக்க வேண்டாம். இரண்டே இருக்கை உள்ள அந்தக் காரில் ஏறுவதில்லை என்பது அவளுடைய கொள்கை. தரையில் உட்கார்ந்து போக வேண்டுமானால் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பேன் என்பாள்.

கார் தொண்ணூறுகளில் செய்தது, சிவப்பு. ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கினேன். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன், தப்பு அவர்களுடையது இல்லை என்பது போகப்போகத் தெரியும். உள்ளே புதிதாக இருந்த ஒரே பொருள், பொங்கலுக்கு ஆரோக்கியம் கொடுத்த மிதியடி. பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டி வடக்குத்துப் பக்கத்துக் கடைகளில் விற்பார்கள். மாட்டுக்கொட்டகையில் போடலாம், வாசலில் போடலாம். இரண்டு விரல் கனம். நான் செத்தாலும் அது சாகாது. ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தின் அளவுக்கு அவனே கத்தியால் அறுத்து, ஓரம் தேய்த்து, காலடியில் விரித்துக்கொடுத்தான்.

அதற்குப் பிறகு சில நாட்களில் கியர் அடம்பிடிக்கத் தொடங்கியது. முதலில் சிக்னலில் மட்டும். பிறகு எங்கே நின்றாலும். ஒன்றாவது கியர் போடப் போனால் கரகரவென்று சத்தம் வரும், கம்பி கையைத் தள்ளும். ஸ்டெல்லா ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். நெய்வேலி போய்த் திரும்பும் இந்தப் பயணத்திலும் கார் மக்கர் செய்தால், திரும்பும் வழியில் பண்ருட்டியிலேயே விற்றுவிட வேண்டும். அங்கே ஒரு முந்திரிக்கொட்டை வியாபாரி அதைப் புது வீட்டின் முன்னால் அலங்காரமாக நிறுத்திவைக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓடாவிட்டாலும் பரவாயில்லை என்று அவர் சொன்னதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

பயண விவரம்: கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி வழியாக என் மீட்டரில் 68 கிலோமீட்டர். எனக்கு பெட்ரோல் ஐந்நூறு ரூபாய், அவளுக்கு டிக்கெட் முப்பத்தெட்டு. பண்ருட்டி கடைத்தெருவில் முதல் தடவை நின்றேன். பலாப்பழ லாரிகளுக்கு நடுவே நாலு பேர் தள்ளிவிட்டார்கள். ஐந்தாவது ஆள் போட்டோ எடுத்தார். முத்தாண்டிக்குப்பத்தில் இரண்டாவது தடவை நின்றபோதுதான் அந்தப் பஸ்.

டீக்கடையில் நின்றிருந்த லாரி டிரைவர் ஒருவர் கடைசியில் வழி சொன்னார். "இஞ்சின ஆஃப் பண்ணிட்டு கியரப் போடுங்க சார். அப்புறம் சாவியத் திருவுங்க. குதிச்சிகினு போவும், போயிட்டே இருங்க."

குதித்துக்கொண்டு போனது. போய்க்கொண்டே இருந்தேன். இஞ்சின் ஓடாதபோது ஒழுங்காக விழுகிற கியர் ஓடும்போது மட்டும் ஏன் விழவில்லை என்று அப்போதே யோசித்திருந்தால் இந்தக் கட்டுரை இங்கே முடிந்திருக்கும். நான் லாரி டிரைவருக்கு நன்றி சொல்வதில் மும்முரமாக இருந்தேன்.

டவுன்ஷிப்பில் எல்லாத் தெருவும் ஒரே மாதிரி, எல்லா குவார்ட்டர்ஸும் ஒரே மாதிரி. பிளாக் எண் தெரியாமல் போனால் யார் வீட்டிலாவது சாப்பிட்டுவிட்டு வரலாம். நான் குதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஸ்டெல்லா காபி குடித்து முடித்திருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இன்னும் திரும்பிப் போற வழி பாக்கி இருக்கு" என்றாள். அவள் நியாயமானவள்.

மறுநாள் கோயில் பூசை முடிந்து, பிரியாணி முடிந்து, விருந்தாளிகள் காரைச் சுற்றி நின்றார்கள். நெய்வேலியில் இயந்திரம் பழுது என்றால் யாரும் சும்மா போக மாட்டார்கள். பாதிப் பேர் இயந்திரத்தோடு குடித்தனம் நடத்துகிறவர்கள். ஆனால் அவரவர் செக்ஷன் வியாதிதான் அவரவருக்குத் தெரியும். பக்கத்து குவார்ட்டர்ஸ் ராமலிங்கம் அனல்மின் நிலையத்தில் பாய்லர்காரர். கிளட்சை நாலு தடவை அமுக்கிப் பார்த்தார்.

"லைன்ல ஏர் இருக்கு சார். எங்க பாய்லர்லயும் இதே கம்ப்ளெயின்ட்டுதான்."

"உங்க வூட்டுல கேஸ் அடுப்பு எரியலன்னாகூட பாய்லர் கம்ப்ளெயின்ட்டுதாண்ணே" என்றான் ஆரோக்கியம். அவனைப் பொறுத்தவரை உலகத்தில் ஓடுகிற எல்லாமே கன்வேயர், பழுது என்றால் அது ஒரு பக்கமாக இழுக்கிறது. கியர் கம்பியிலிருந்து பெட்டிக்குப் போகும் இணைப்பில்தான் ஆட்டம் என்றான்.

வேலை தொடங்கும் முன் சாவியை எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். கை உள்ளே இருக்கும்போது வேறு யாரும் இயக்கிவிடக் கூடாது, சுரங்கத்துப் பழக்கம். காரை ஜாக்கியில் ஏற்றி, செங்கல் முட்டுக்கொடுத்து, பெல்ட் மிதியடியை உருவித் தரையில் விரித்து, அதன்மேல் படுத்து அடியில் போனான். மே மாத வெயில். புதுநன்மைக்கு வாங்கிய புதுச் சட்டை. இணைப்பில் இருந்த ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையம் (புஷ் என்பார்கள்) தேய்ந்திருந்ததை எனக்கு ஆட்டிக் காட்டினான். அதில் ரப்பர் துண்டைச் சுற்றிக் கட்டினான். ராமலிங்கம் தன் பங்குக்கு கிளட்ச் லைனில் காற்று எடுத்தார்.

இறக்கி, ஸ்டார்ட் செய்து, ஆரோக்கியம் பிளாக்கை இரண்டு சுற்று வந்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் விழுந்தது. புஷ் என்றான் இவன், ஏர் என்றார் அவர். இரண்டு பேரும் ஜெயித்த திருப்தியில் ராமலிங்கம் செகண்ட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பினார். ஆரோக்கியம் மிதியடியைக் கழுவி, துடைத்து, பழையபடி காலடியில் விரித்தான்.

நான் உட்கார்ந்து ஒன்றாவது கியர் போட்டேன். கரகர.

ஆரோக்கியம் மிதியடியை உருவிக்கொண்டு திரும்ப அடியில் போனான். ரப்பரை இன்னும் இறுக்கிக் கட்டினான். ஒரு சுற்று வந்தான், பிரமாதம். மிதியடியை விரித்தான். நான் போட்டேன், கரகர. விருந்தாளிகளில் யாரோ, கைராசி என்று ஒன்று இருக்கிறது என்றார்கள். என் கையைப் பற்றித்தான். ஆரோக்கியத்தின் முகம் சின்னதாகிவிட்டது. அக்கா புருஷன் காரை பிளாக்கே பார்க்க சரிசெய்கிறேன் என்று இறங்கியவன். மூன்றாவது தடவையும் மிதியடியை உருவக் குனிந்தான்.

ஸ்டெல்லா பையோடு படியில் நின்றிருந்தாள். "அந்த பெல்ட்ட எனக்குக் குடுத்துடுடா. அடுப்படியில போட்டுக்கறேன், வழுக்குது" என்றாள்.

"அக்காவுக்கு இல்லாததா? மாமாவுக்கு வேற ஒண்ணு வெட்டித் தரேன்."

"வேணாம்டா. இது மேல காலு வச்சா உங்க மாமாவுக்கு உள்ளங்கால் எரியுதாம். சொல்ல வெக்கப்பட்டுகினு இருக்கார்."

எனக்கு உள்ளங்கால் எரிந்ததே இல்லை. ஆனால் அவள் பார்த்த பார்வையில் எரிகிறது என்று தலையாட்டினேன். வெறும் தரையில் கால் வைத்து கிளட்சை அமுக்கினேன். நாலு மாதமாகப் போகாத ஆழத்துக்குப் போனது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. கன்வேயர் பெல்ட்டின் கனம் பெடலைக் கடைசி வரை போகவிடாமல் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"புஷ் இப்பதான் சரியா உக்காந்துது" என்றாள் ஸ்டெல்லா, எல்லோருக்கும் கேட்கும்படி. ஆரோக்கியத்தின் முகம் பழைய அளவுக்கு வந்தது.

பிறகு யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. அவள் காருக்குள் ஏறினாள். பெல்ட்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். பண்ருட்டியில் வியாபாரியின் புது வீட்டைக் காட்டினேன், நிறுத்தவா என்றேன். நிறுத்த வேண்டாம் என்றாள். கார் தொலையட்டும் என்றுதானே இருந்தாய், வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாமே என்று கேட்டேன்.

"இருந்திருப்பேன். என் தம்பி வெயில்ல படுத்துகினு இருந்தான். அவன் குடுத்த பொருளாலதான்னு அந்த பிளாக்குல யாருக்கும் தெரியக் கூடாது. நீங்க எங்கியும் எழுதிவைக்காதீங்க."

ஆரோக்கியம் வலைப்பதிவு எதுவும் படிப்பதில்லை என்ற துணிச்சலில் எழுதுகிறேன்.

பழைய காரில் கிளம்புகிறவர்களுக்கு: கியர் அடம்பிடித்தால் இஞ்சினை நிறுத்திவிட்டுப் போட்டுப் பாருங்கள். அப்போது விழுந்தால் சந்தேகம் கிளட்ச் பக்கம். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் உங்கள் காலடியைப் பாருங்கள். மே மாதம் போனால் பண்ருட்டியில் பலாச்சுளை வாங்குங்கள், முழுப்பழம் இரண்டு இருக்கை காருக்குள் போகாது. மச்சான் அன்பாக எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள், பெடலுக்கு அடியில் மட்டும் போடாதீர்கள்.

ஒன்று விட்டுப்போனது. பிளாக்கைச் சுற்றிய எந்தச் சுற்றிலும் யாரும் ரிவர்ஸ் போட்டுப் பார்க்கவில்லை. புதுச்சேரியில் எங்கள் வீட்டு வாசலில் நான் போட்டேன். விழவில்லை. மெக்கானிக் பார்த்துச் சொன்னார், ஆரோக்கியம் ஆட்டிக் காட்டிய அந்த புஷ்தான் காரணமாம்.