அகழிக்கு நடுவே அண்ணை

மொன்றியலிலிருந்து ஜெர்மனிக்கு நான் போனதே அண்ணையைக் கூட்டிக்கொண்டு வருவதற்காகத்தான். அண்ணி இறந்து இரண்டு வருடம்; பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில். சிற்றூர் ஒன்றில் தனியாகக் கிடக்கிற மனிதர் மொன்றியலின் லாசாலில் எங்கள் வீட்டோடு வந்து இருந்தால் என்ன குறை? அவரோ அதற்குப் பதில் சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்கு வா என்றார்.

கோட்டையாம். சுற்றிவர அகழி, அதில் பாசி பிடித்த பச்சைத் தண்ணீர், நாலு வாத்து. எழுநூறு வருடப் பழசு என்று அண்ணை தானே கட்டிக் குடிபுகுந்தவர் மாதிரிச் சொன்னார். உள்ளே அந்த வட்டாரத்து அருங்காட்சியகம். துருப்பிடித்த மண்வெட்டி, வெண்ணெய் கடைகிற மரப்பானை, யாரோ ஒருவருடைய பொய்ப்பல். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் குப்பைக்கும் மவுசு வந்துவிடும் போல. மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் இதையெல்லாம் தெருவோரம் வைத்தாலும் ஒருவரும் தூக்கமாட்டார்கள்.

அதையாவது பொறுத்துக்கொண்டேன். பழைய பலகைத் தரை கீறல் படாமலிருக்க, வருகிறவர்கள் சப்பாத்துக்கு மேலே பெரிய கம்பளிச் செருப்பு மாட்ட வேண்டும். நான் கோயிலுக்குப் போகிற பழக்கத்தில் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு நின்றேன். அண்ணை சிரித்தார். பிறகு மேசைக்குப் பின்னால் போய்ச் செருப்புக் கூடையை எடுத்தார். அதுதான் அவருடைய ஞாயிற்றுக்கிழமை வேலை. சம்பளமும் இல்லை. குனிய முடியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்கு முன்னால் முழந்தாளிட்டு, அவர் காலைத் தன் தொடையில் எடுத்து வைத்து மாட்டிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அடுத்தவருடைய செருப்பை நாங்கள் காலால் தள்ளுவோமே தவிரக் கையால் தொடமாட்டோம். முப்பது வருடம் பாடுபட்டு வந்து சேர்ந்த இடம் இதுவா?

“எங்கடை ஆக்கள் கண்டால் என்ன நினைப்பினம்? விட்டிட்டு வாங்கோ அண்ணை. அங்கை சும்மா இருக்கலாம்” என்றேன்.

அவர் கூடையைக் கீழே வைத்தார்.

“சும்மா இருக்கவோ கூப்பிடுறாய்? பின்னேரம் உன்ரை பேரப்பிள்ளையளைக் கார்தெரியால ஆர் கூட்டி வாறது எண்டு போன மாசம் போனில அழுதனி.”

அவர் தனியாக இருக்கிறார் என்றுதான் கூப்பிடுகிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

“இந்தக் கோட்டைக்காரர் என்னட்டைக் கேட்டவை, வருவியளோ எண்டு. நீ கேக்கேல்லை பிள்ளை. நீயே முடிவெடுத்திட்டாய்.”

கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. கார்தெரி என்கிற அந்தக் குழந்தைகள் காப்பகத்தின் படிவத்தில், பிள்ளைகளைக் கூட்டிப்போக வருபவர் என்ற இடத்தில், அவருடைய பெயரை விமானம் ஏறுவதற்கு முன்பே நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.