கோழி இருந்த வீடு

எங்கள் வீட்டில் கோழி இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் 'பாவம், ஏழை நெசவாளி வீடு' என்று நீங்களே முடிவு கட்டிவிடுவீர்கள். கோழி முட்டையும் இட்டது. ஆரணியைச் சுற்றிக் கொல்லைகளில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை மூட்டையாக விளைந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடையில் என் தங்கைக்கு அம்மை போட்டது. மூன்று வயது இருக்கும். "படவேட்டம்மா, புள்ள பொழச்சா உன் வாசல்ல பொங்க வெக்கிறேன். அதுவரைக்கும் அவ வாயில கவுச்சி படாது" என்று அம்மா வேண்டிக்கொண்டாள்.

தங்கை பிழைத்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் வீட்டில் பழையபடி குழம்பு கொதித்தது, முட்டை என் தட்டுக்கு வந்தது. அவளுக்கு மட்டும் கஞ்சி. பருப்போ மல்லாட்டையோ கொடுத்தால் மாந்தம் வரும் என்று அவையும் கிடையாது.

படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போய்வர ஒரு நாள் போதும். அந்த ஒரு நாள்தான் கிடைக்கவில்லை. "தறியில ஏத்தின பாவு முடியட்டும், போலாம்" என்பார் அப்பா. முடியும். உடனே அடுத்த பாவு, அடுத்த நெசவுக்கான நீள நூல், தறியில் ஏறும்.

அதற்குள் தங்கைக்குக் கன்னம் உப்பியது, கால்கள் கொழுகொழுவென்று ஆயின. தெருவே சந்தோஷப்பட்டது. "அம்மை வந்துட்டுப் போன உடம்பு, எப்பிடித் தேறிக்கினு வர்றா பாரு" என்று பக்கத்து வீட்டுக்காரி திருஷ்டி சுற்றிப் போட்டாள். முடி செம்பட்டையானதையும், அவள் விளையாடாமல் சுவரோரமே கிடந்ததையும் ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வயிற்றுப்போக்கு கண்டபிறகுதான் டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் தங்கையின் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது.

"இது சதை இல்லமா, நீர். உடம்புல புரதமே இல்ல. அது இருந்தாத்தான் புள்ள வளரும், நோயத் தாங்கும். பருப்பு, முட்டை, கடலை, எது இருக்குதோ இன்னிக்கே குடு."

"வேண்டிக்கினு இருக்கேங்க. பொங்க வெச்சிட்டு வந்து முட்டை குடுக்கறேங்க."

"அதுவரைக்கும் தாங்காதுமா."

அன்று சாயங்காலம் அம்மா பருப்பைக் கடைந்து ஊட்டிப் பார்த்தாள். தங்கைக்குப் பசியே செத்துப்போயிருந்தது, வாயைத் திறக்கவில்லை. முட்டையைத் தொட அம்மாவுக்குப் பயம். "இன்னும் கொஞ்சந்தான் பாக்கி, முடிச்சிட்டு ஜல்தியா போயிட்டு வந்துடலாம்" என்றார் அப்பா. அந்தப் பாவு முடிவதற்கு முன்பே அவள் போய்விட்டாள். எனக்கு அப்போதும் கோபம், இப்போதும் கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கல்யாணமாகாமல் கன்னியாகச் செத்துப்போனவள் எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீட்டுத் தெய்வம். ஆடி மாதம் புதுப் பாவாடை வைத்துப் படைப்போம். அன்றைக்கு அப்பா தறியில் உட்கார மாட்டார். அம்மா முட்டையை அவித்து, உரித்து, பல் முளைக்காத பிள்ளைக்குக் கொடுப்பதுபோலப் பொடிப்பொடியாகப் பிட்டு இலையில் வைப்பாள். "சாப்டுமா" என்பாள். அவள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்போம்.

திறந்து பார்த்தால் முட்டை அப்படியே இருக்கும்.